கட்டிய தாலியை மாநிலம் அவிழ்க்குமா? ஐடஹோ தீர்மானம் பற்றி ஒரு கேள்வி

வைகைக்கரை:
என் அக்கா மகன் டெக்சஸ் மாநிலத்தில் டல்லாஸ் பக்கம் இருக்கிறான். மூன்று வருடம் முன்னால், அங்கேயே பிறந்து வளர்ந்த தன் நண்பனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். வீட்டில் நடந்த கூத்தை எழுதினால் தனி இழை வேண்டும். இப்போது அக்காவே இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் முறுக்கு பார்சல் அனுப்புகிறாள். போன வாரம் போனில் ஒரே அழுகை. "அமெரிக்காவில் மாநிலங்கள் இந்தக் கல்யாணங்களை ரத்து செய்ய ஆரம்பித்துவிட்டன, ஐடஹோவில் சட்டமே போட்டாகிவிட்டது" என்று யூடியூபில் யாரோ சொல்லிவிட்டாராம். இவனுக்குக் கிரீன் கார்டே அந்தக் கல்யாணம் மூலமாகத்தான். கல்யாணம் செல்லாது என்றால் கார்டும் போய்விடுமா என்கிறாள். அங்கே இருப்பவர்கள், சட்டம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். நானும் தேடிப் பார்த்தேன், தலை சுற்றுகிறது.

அயோவா அண்ணாச்சி:
முதலில் அக்காவை அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். ஐடஹோவில் போட்டது சட்டம் இல்லை, தீர்மானம். 2025 ஜனவரியில் அங்குள்ள கீழவை 46க்கு 24 என்ற கணக்கில் நிறைவேற்றியது. தன்பாலினத் திருமணம் நாடு முழுக்கச் செல்லும் என்று 2015ல் ஓபர்கஃபெல் வழக்கில் வந்த தீர்ப்பைத் திரும்பப் பெறுங்கள் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தைக் கேட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான். கச்சத்தீவை மீட்கச் சொல்லி நம் சட்டமன்றம் மத்திய அரசுக்குத் தீர்மானம் போடுகிறதே, அந்த வகை. அதனால் எந்த மீனவரின் வலையும் நகர்ந்துவிடாது. உச்ச நீதிமன்றமும் தீர்மானங்களைப் படித்து வழக்கை எடுக்காது, யாராவது வழக்கோடு படியேற வேண்டும்.

அதே வருடம் வடக்கு டகோட்டாவிலும் இதே மாதிரி ஒன்று கீழவையில் தேறி, மேலவையில் தோற்றது. அங்கே இரண்டு அவையிலும் பெரும்பான்மை குடியரசுக் கட்சிதான் என்பதைக் கவனியுங்கள்.

கடைசி பெஞ்ச்:
அப்போ சும்மா சத்தம்தான். இழையை மூடிவிடலாமா?

அயோவா அண்ணாச்சி:
மூடாதீர்கள். தீர்மானம் வெறும் சத்தம் என்பது உண்மை. ஆனால் சத்தமே போடாமல் கிடக்கிற ஒன்று இருக்கிறது, எனக்கு அதுதான் உறுத்தல்.

முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் "திருமணம் என்றால் ஓர் ஆண், ஒரு பெண்" என்ற பழைய வரி இன்னும் சட்டப் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது. சிலவற்றில் சாதாரணச் சட்டமாக, பலவற்றில் மாநில அரசியல் சட்டத்திலேயே. ஐடஹோவில் 2006ல் மக்கள் ஓட்டுப் போட்டுச் சேர்த்தது. உங்கள் டெக்சஸில் 2005ல், 76 சதவீத ஆதரவோடு. 2015 தீர்ப்பு அவற்றை அழிக்கவில்லை, செயல்படாமல் நிறுத்தி வைத்திருக்கிறது. பூட்டி வைத்த வீட்டை இடித்த வீடு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்தத் தீர்ப்பு போனால் டெக்சஸ் சட்டமன்றம் புதிதாக ஒரு மசோதாகூடக் கொண்டுவர வேண்டியதில்லை. நீதிமன்றத்தில் போய்ப் பழைய தடையாணையை எடுத்துவிடச் சொன்னால் போதும்.

2022ல் கருக்கலைப்பு உரிமையை எடுத்துவிட்ட தீர்ப்பு வந்தபோது நடந்தது இதுதான். சில மாநிலங்களில் நூறு வருடத்துக்கு முந்திய சட்டங்கள் எழுந்து உட்கார்ந்தன. அந்தத் தீர்ப்பிலேயே நீதிபதி தாமஸ் தனியாக எழுதும்போது, ஓபர்கஃபெல்லையும் மறுபடி பார்க்க வேண்டும் என்று எழுதினார். கூட இருந்த மற்ற நீதிபதிகள் யாரும் அவரோடு சேர்ந்துகொள்ளவில்லை. இருந்தாலும் ஐடஹோ மாதிரியான இடங்களில் தீர்மானம் எழுதியவர்களுக்குத் தெம்பு வந்தது அங்கிருந்துதான்.

புதூர் மாமா:
ஒரு மாற்றுக் கருத்து சொல்ல அனுமதி உண்டா? எனக்கு அந்தப் பையன் மேல் எந்த விரோதமும் இல்லை, நன்றாக இருக்கட்டும். ஆனால் ஒரு நாட்டில் திருமணம் என்றால் என்ன என்பதை உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது பேரில் ஐந்து பேர் தீர்மானிப்பது சரியா? மாநில மக்கள் ஓட்டுப் போட்டுச் செய்ததை வழக்குப் போட்டுக் கவிழ்த்தார்கள். இப்போது மாநிலங்கள் திரும்பக் கேட்டால் மட்டும் அதற்குப் "பறிப்பு" என்று பெயரா? தலைமை நீதிபதி ராபர்ட்ஸே 2015ல் தன் மாறுபட்ட தீர்ப்பில் இதைத்தானே எழுதினார்? மக்கள் பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்துகொண்டிருந்ததை நீதிமன்றம் நடுவில் புகுந்து நிறுத்திவிட்டது என்று.

கடைசி பெஞ்ச்:
மாமா வந்துவிட்டார், இழை இன்றைக்கு மூடாது.

மேப்பிள் இலை:
மாமா சொல்வதில் பாதிக்கு நான் தலையாட்டுவேன். "மக்கள் ஓட்டு" என்பது எல்லா முறையும் ஒரே பக்கம் விழவில்லை என்பதுதான் மீதிப் பாதி.

மெய்ன் மாநிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2009 மே மாதம் சட்டமன்றமே தன்பாலினத் திருமணச் சட்டம் நிறைவேற்றி, ஆளுநர் பால்டாச்சி கையெழுத்தும் போட்டார். நீதிமன்றம் இந்தக் கதையில் வரவே இல்லை. அந்த ஊரில், சட்டமன்றம் போட்ட சட்டத்தைக் கையெழுத்துச் சேகரித்து மக்கள் ஓட்டுக்குக் கொண்டுபோய் ரத்து செய்ய வழி உண்டு. அப்படியே நவம்பரில் சுமார் 53 சதவீதம் ஓட்டில் ரத்து செய்தார்கள். ஒரு ஜோடிகூட அந்தச் சட்டத்தில் கல்யாணம் செய்துகொள்ள முடியவில்லை. மண்டபம் பார்த்தவர்கள் முன்பணத்தைத் திரும்பக் கேட்டிருப்பார்கள், பாவம். அப்புறம் மூன்று வருடம் வீடு வீடாகக் கதவைத் தட்டிப் பேசினார்கள். கூட்டம் போட்டுக் கத்தவில்லை, சமையலறையில் உட்கார்ந்து பேசினார்கள். 2012 நவம்பரில் இவர்களே மக்கள் ஓட்டுக்குக் கொண்டுவந்து, அதே 53 சதவீதம் அளவில் ஜெயித்தார்கள்.

எனக்கு இன்னும் பிடித்தது நியூ ஹாம்ப்ஷயர். அங்கே கீழவையில் 400 உறுப்பினர்கள், சம்பளம் வருடத்துக்கு 100 டாலர். (நம் ஊர் கவுன்சிலர் கேட்டால் மயங்கி விழுவார்.) 2010 தேர்தலில் ஏறத்தாழ முக்கால்வாசி இடம் குடியரசுக் கட்சிக்குப் போனது. சரி, இனி அங்கே இருந்த தன்பாலினத் திருமணச் சட்டம் அவ்வளவுதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். 2012 மார்ச்சில் ரத்து மசோதா ஓட்டெடுப்புக்கு வந்தது. 211க்கு 116 என்று மசோதாவையே கொன்றார்கள். சொந்தக் கட்சிக்காரர்களே. "சுதந்திரமாக வாழ், இல்லையேல் செத்துப் போ" என்பது அந்த மாநிலத்தின் முத்திரை வாக்கியம், கார் நம்பர் பலகையில்கூட இருக்கும். அரசாங்கம் வீட்டுக்குள் வரக்கூடாது என்று அவர்கள் சொல்வது வரி விஷயத்துக்கு மட்டும் இல்லை போலிருக்கிறது.

புதூர் மாமா:
மெய்ன் கதை என் பக்கத்துக்குத்தானே சாட்சி? பொறுமையாக மக்களிடம் போனார்கள், ஜெயித்தார்கள். எல்லா மாநிலத்திலும் அப்படிச் செய்திருக்கலாமே?

மாசசூசெட்ஸைப் பற்றி யாரும் பேச மாட்டீர்கள். 2003 நவம்பரில் அங்கே நீதிமன்றம் தீர்ப்பு கொடுத்தது, 2004 மே 17 முதல் கல்யாணம். எதிர்த்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் கையெழுத்துச் சேர்த்து, மக்கள் ஓட்டுக்கு விடுங்கள் என்று கேட்டார்கள். சட்டமன்றம் விடவே இல்லை.

மேப்பிள் இலை:
அது நியாயமான கேள்விதான், மழுப்பவில்லை. ஆனால் நடந்ததை முழுதாகச் சொல்லுங்கள். அங்கே கையெழுத்து வழியில் அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டுமானால், மொத்தம் 200 உறுப்பினர்களில் வெறும் 50 பேர் ஆதரித்தால் போதும். அதை அடுத்தடுத்த இரண்டு சட்டமன்றங்களில் காட்ட வேண்டும். 2007 ஜனவரியில் 62 பேர் ஆதரித்தார்கள், முதல் படி தாண்டியது. ஜூன் 14ம் தேதி மறுபடி எண்ணியபோது 45 பேர்தான். எதிர்த்தவர்கள் 151. கால்வாசிப் பேர்கூடத் தேறவில்லை. ஜூனில் உட்கார்ந்திருந்தது 2006 நவம்பர் தேர்தலில் வந்த புதுச் சட்டமன்றம். ஆளுநரும் அவைத் தலைவர்களும் நெருக்கினார்கள் என்பது உண்மை. அதோடு, கல்யாணம் செய்துகொண்ட ஜோடிகள் தங்கள் தொகுதி உறுப்பினரைத் தேடிப் போய், "எங்கள் வீட்டில் என்ன கெட்டுப்போனது, வந்து பாருங்கள்" என்று கூப்பிட்டதும் உண்மை. மூன்று வருடம் ஆகியும் வானம் இடிந்து விழவில்லை.

அயோவா அண்ணாச்சி:
அயோவா கதையைச் சொல்லாவிட்டால் என் பெயருக்கு அர்த்தம் இல்லை. நான் 2010ல் டி மாயினில் வேலை பார்த்தேன். விசாவில் இருந்தவன், ஓட்டு கிடையாது, வேடிக்கை மட்டும்.

2009 ஏப்ரல் 3ம் தேதி அயோவா உச்ச நீதிமன்றம் ஏழு பேரும் ஒருமனதாகத் தீர்ப்பு கொடுத்தார்கள், தன்பாலினத் திருமணம் செல்லும் என்று. எதிர்த்தவர்களுக்கு அரசியல் சட்டத்தைத் திருத்த ஆசை. ஆனால் அங்கே தொடர்ந்து இரண்டு சட்டமன்றங்கள் ஒப்புக்கொண்டால்தான் விஷயம் மக்கள் ஓட்டுக்கே வரும். மேலவையை வைத்திருந்த ஜனநாயகக் கட்சித் தலைவர் மைக் கிரான்ஸ்டல் அதை எடுக்கவே விடவில்லை. அதனால் வேறு கதவைத் தட்டினார்கள்.

அந்த மாநிலத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் சில வருடத்துக்கு ஒருமுறை மக்கள் முன்னால் வர வேண்டும். எதிர்த்து யாரும் நிற்க மாட்டார்கள். "இவர் தொடரலாமா, ஆம் / இல்லை" அவ்வளவுதான். 1962ல் இந்த முறை வந்ததிலிருந்து ஓர் உச்ச நீதிமன்ற நீதிபதிகூடத் தோற்றதில்லை. யாரும் கவனிக்காத பகுதி அது, கவர்னரில் ஆரம்பித்து ஓட்டுப் போட்டுக் களைத்துப்போன கை அதைத் தாண்டிப் போய்விடும். அந்த வருடம் ஏழு பேரில் மூன்று பேர் முறை. பாப் வேண்டர் பிளாட்ஸ் என்பவர் தலைமையில் பிரசாரம், வெளிமாநிலப் பணம், ஊர் ஊராகப் பஸ். நீதிபதிகள் மூவரும் பணம் திரட்ட மாட்டோம், ஓட்டுக் கேட்க மாட்டோம் என்று உட்கார்ந்திருந்தார்கள். நீதிபதி ஓட்டுக் கேட்டால் அப்புறம் அவர் நீதிபதி இல்லை என்பது அவர்கள் வாதம்.

நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரம்மாவுக்கு எழுபது வயது, விவசாயக் குடும்பம், ஞாயிறு தவறாமல் சர்ச். மாதிரி வாக்குச்சீட்டை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு, "இத்தனை வருஷம் நான் இந்த வரிசையைப் படித்ததே இல்லை" என்றார். எந்தப் பக்கம் குத்தினார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மூன்று நீதிபதிகளும் தோற்றார்கள், தலைமை நீதிபதி மார்ஷா டெர்னஸ் உட்பட.

மறுநாள் காலை என்ன ஆனது தெரியுமா? கல்யாணம் அப்படியே செல்லுபடியாகிக்கொண்டிருந்தது. நீதிபதிகளை வீட்டுக்கு அனுப்பினார்கள், தீர்ப்பு வீட்டுக்குப் போகவில்லை. 2012ல் அதே தீர்ப்பில் கையெழுத்திட்ட இன்னொரு நீதிபதி முறை வந்தது, அவரையும் கவிழ்க்கப் பார்த்தார்கள், தப்பித்துக்கொண்டார். ஆனாலும் அடுத்த மாநிலங்களில் இருந்த நீதிபதிகள் 2010ஐப் பார்த்திருப்பார்கள் அல்லவா? கல்யாணத்தைத் தொட முடியாதவர்கள் நாற்காலியைத் தொட்டுக் காட்டினார்கள்.

சுக்கு காபி:
அண்ணாச்சி எழுத்தைப் படிக்கவே இந்த இழைக்கு வருகிறேன். ஆனால் வைகைக்கரை கேட்ட கேள்வி பாக்கி இருக்கிறது. நடந்த கல்யாணம் கலையுமா?

பழைய கட்டு:
இதற்கு இரண்டு முன்னுதாரணம் உண்டு, இரண்டும் கலிபோர்னியாவில். ஒன்று பயமுறுத்தும், மற்றொன்று ஆறுதல்.

2004 பிப்ரவரியில் சான் பிரான்சிஸ்கோ மேயராக இருந்த கேவின் நியூசம் (இப்போதைய கலிபோர்னியா கவர்னரேதான்), தன் நகராட்சியே உரிமம் கொடுக்கட்டும் என்றார். ஒரு மாதத்தில் கிட்டத்தட்ட 4,000 ஜோடி. ஆகஸ்டில் மாநில உச்ச நீதிமன்றம் அத்தனையும் செல்லாது என்றது. காரணம், சட்டத்தை மாற்ற மேயருக்கு அதிகாரமே இல்லை. ஆக அவை முதல் நாளிலிருந்தே கல்யாணம் இல்லை.

2008 மே மாதம் அதே நீதிமன்றம் உரிமையை ஒப்புக்கொண்டது. ஜூன் நடுவிலிருந்து நவம்பர் வரை சுமார் 18,000 ஜோடி. ஒபாமா ஜெயித்த அதே நாளில் "எட்டாவது முன்மொழிவு" என்ற தடை மக்கள் ஓட்டில் 52 சதவீதத்தில் தேறி, கதவு சாத்தப்பட்டது. 2009ல் நீதிமன்றம் அந்தத் தடை செல்லும் என்றது. ஆனால் அந்த 18,000 கல்யாணங்களைத் தொடவில்லை. நடந்தபோது சட்டப்படி நடந்தவை, பின்னால் வந்த தடை பின்னோக்கிப் போகாது என்றது. 2014ல் மிச்சிகனில் ஒரே ஒரு சனிக்கிழமை கதவு திறந்திருந்த நேரத்தில் முந்நூறு ஜோடி கல்யாணம் செய்துகொண்டார்கள். அவர்களையும் அங்கீகரிக்க வேண்டும் என்றுதான் கடைசியில் உத்தரவு வந்தது.

உங்கள் அக்கா மகன் கல்யாணம் இரண்டாவது வகை.

நெல்லை வாத்தியார்:
"முதல் நாளிலிருந்தே கல்யாணம் இல்லை" என்ற வார்த்தை நமக்குப் புதிதில்லை. 1953ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சுயமரியாதைத் திருமணத்தை, சடங்கு இல்லை, ஆகவே செல்லாது என்றது. எத்தனை குடும்பத்தின் சொத்தும் வாரிசும் அதில் தொங்கின. 1967ல் அண்ணா அரசு திருத்தம் கொண்டுவந்தபோது, இனிமேல் நடப்பவை மட்டுமல்ல, ஏற்கெனவே நடந்தவையும் செல்லும் என்று எழுதியது. அந்தப் பின்தேதி வாசகம்தான் அதில் பெரிய வேலை செய்தது. இரண்டு வழக்கும் ஒன்று என்று சொல்ல வரவில்லை, தேதி எவ்வளவு முக்கியம் என்பதற்காகச் சொன்னேன்.

பழைய கட்டு:
வாத்தியார் தேதியைப் பிடித்தது சரி. 2022 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் போட்ட திருமண மரியாதைச் சட்டத்திலும் தேதிதான் முக்கியம். கல்யாணம் நடந்த மாநிலத்தில், நடந்த நேரத்தில் அது சட்டப்படி செல்லுமா என்று மட்டும் பார். செல்லும் என்றால் மத்திய அரசும் மற்ற மாநிலங்களும் ஏற்க வேண்டும். மேலவையில் 61க்கு 36 என்று தேறியது.

அதில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எந்த மாநிலமும் புதிதாக உரிமம் கொடுத்தே ஆக வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. ஓபர்கஃபெல் போனால் டெக்சஸ் கவுண்டி (மாவட்டம் மாதிரி) அலுவலகம் புது ஜோடிகளிடம் "நியூ மெக்சிகோவுக்கு வண்டியைக் கட்டு" என்று சொல்லலாம். சிரிப்பாக இருக்கும். ஜிம் ஓபர்கஃபெல் ஏன் வழக்குப் போட்டார் என்று யோசியுங்கள். அவருடைய துணைவர் ஜான் ஆர்தருக்கு ஏ.எல்.எஸ். என்ற நரம்புச் சிதைவு நோய், படுத்த படுக்கை. 2013ல் மருத்துவ விமானத்தில் ஒஹாயோவிலிருந்து மேரிலாந்துக்குப் பறந்து, விமான நிலையத்தில் நின்ற விமானத்துக்குள்ளேயே கல்யாணம் முடித்துத் திரும்பினார்கள். இறப்புச் சான்றிதழில் "மணமானவர்" என்று எழுத ஒஹாயோ ஒப்புக்கொள்ளாது என்று தெரிந்ததும் வழக்கு. மூன்று மாதத்தில் ஆர்தர் போய்விட்டார். நாடு முழுவதற்குமான தீர்ப்பு கிளம்பியது ஒரு படிவத்தின் ஒரே ஒரு கட்டத்திலிருந்து.

மாமா, "எல்லா மாநிலத்திலும் பொறுமையாக இருந்திருக்கலாமே" என்றதற்கு என் பதில் இதுதான். மெய்ன் காத்திருந்தது மூன்று வருடம். ஆர்தருக்கு இருந்தது மூன்று மாதம்.

கடைசி பெஞ்ச்:
🙏

அயோவா அண்ணாச்சி:
கிரீன் கார்டு பற்றியும் அதே விதிதான். குடியேற்றத் துறை பார்ப்பது கல்யாணம் நடந்த இடத்தின் சட்டத்தை, குடியிருக்கும் இடத்தின் சட்டத்தை அல்ல. அவன் கார்டு பாதுகாப்பாகவே தெரிகிறது. ஆனால் இழையைப் படித்துவிட்டு முடிவெடுக்க வேண்டாம், வக்கீலிடம் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள்.

டெக்சஸில் நடப்பது வேறு ரகம். 2025 அக்டோபரில் அங்குள்ள உச்ச நீதிமன்றம் நீதிபதிகளுக்கான நடத்தை விதியில் ஒரு குறிப்புச் சேர்த்தது. மத நம்பிக்கை காரணமாக ஒரு நீதிபதி கல்யாணம் நடத்திவைக்க மறுத்தால் அது விதிமீறல் ஆகாது. டென்னசியிலும் 2024ல் கிட்டத்தட்ட இப்படி ஒரு சட்டம் வந்தது. உரிமம் கவுண்டர் வேறு, நடத்திவைப்பது வேறு என்பதால் கல்யாணம் நிற்காது. ஆனால் ஒரே ஒரு நீதிபதி இருக்கிற சின்னக் கவுண்டியில் யோசித்துப் பாருங்கள்.

கென்டக்கியில் 2015ல் உரிமமே கொடுக்க மாட்டேன் என்று ஐந்து நாள் சிறைக்குப் போன கிளார்க் கிம் டேவிஸ் நினைவிருக்கிறதா? அவர் போட்ட மனுவைத்தான் 2025 நவம்பர் 10ம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு வரிகூட விளக்கம் எழுதாமல் தள்ளியது. ஓபர்கஃபெல்லை மாற்றுங்கள் என்றும் அதில் கேட்டிருந்தார். இப்போதைக்கு அந்தக் கதவு மூடியிருக்கிறது.

புதூர் மாமா:
விமானக் கதை எனக்குத் தெரியாது. அதற்குப் பதில் சொல்ல வரவில்லை. நீதிமன்றம் பற்றிய என் கருத்து அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அண்ணாச்சி முன்னால் சொன்னதை வைத்து ஒன்று கேட்கிறேன். பூட்டிக் கிடக்கிற அந்தப் பழைய வரிகளை மக்கள் ஓட்டிலேயே எடுத்துவிட்டால் உங்களுக்கும் எனக்கும் சண்டையே இல்லையே?

மேப்பிள் இலை:
எடுக்கிறார்கள் மாமா. நெவாடா 2020ல் எடுத்தது. 2024 நவம்பரில் கலிபோர்னியா, கொலராடோ, ஹவாய் மூன்றும். அதில் ஹவாய் 1998ல் இந்தச் சண்டையின் ஆரம்ப காலத்திலேயே தடைக்கு வழி செய்த மாநிலம், அதுவே அந்த வரியை வெட்டியது. 52 சதவீதத்தில் கதவைச் சாத்திய கலிபோர்னியா 62 சதவீதத்துக்கு மேல் திறந்துவிட்டது. ஆனால் இவை எல்லாம் எப்படியும் ஆபத்து குறைந்த இடங்கள். டெக்சஸில் அரசியல் சட்டத்தைத் திருத்த முதலில் சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், மக்கள் நேராகக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவர வழியே இல்லை. கேலப் கருத்துக்கணிப்பு நிறுவனத்தின் 2025 கணக்குப்படி நாட்டில் 68 சதவீதம் பேர் ஆதரவு. குடியரசுக் கட்சிக்காரர்களிடம் மட்டும் 2021ல் 55 ஆக இருந்தது 2025ல் 41 ஆக இறங்கியிருக்கிறது. ஐடஹோ தீர்மானம் முளைத்தது இந்த 14 புள்ளியில்தான்.

வைகைக்கரை:
எல்லோருக்கும் நன்றி. அக்காவிடம் பாதியை வாசித்துக் காட்டினேன். கச்சத்தீவு உதாரணத்தில் அழுகை நின்றது. விமானத்தில் மறுபடி ஆரம்பித்துவிட்டாள், அது வேறு அழுகை. பையனிடமும் பேசினேன். அவர்கள் ஒரு குழந்தைக்கு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார்களாம், எனக்கே இன்றுதான் சொன்னான். பிறப்புச் சான்றிதழில் இரண்டு பெயரும் வந்தால் போதுமா, வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?

பழைய கட்டு:
முதலில் வாழ்த்துகள். பெயர் வந்தால் மட்டும் போதாது. பிறப்புச் சான்றிதழ் நிர்வாகக் காகிதம், வேறு மாநிலம் கேள்வி கேட்கலாம். நீதிமன்றம் கொடுத்த தத்து உத்தரவை எந்த மாநிலமும் ஏற்க வேண்டும். அலபாமா ஏற்க மறுத்தபோது 2016ல் உச்ச நீதிமன்றமே அதைத் திருத்தியது. ஆகவே குழந்தையின் ரத்த உறவு இல்லாத அப்பா முறைப்படி தத்து எடுத்துக்கொள்ளட்டும். சொந்தப் பிள்ளையையே தத்தெடுப்பதா என்று கோபம் வரும், எடுக்கட்டும். கூடவே உயில், மருத்துவ முடிவுக்கான அதிகாரப் பத்திரம், கல்யாணச் சான்றிதழின் சான்றளித்த நகல் இரண்டு மூன்று.

வைகைக்கரை:
நகல் ஒன்றுதான் இருக்கிறதாம். திங்கட்கிழமை கவுண்டி ஆபீஸ் போகிறான். அக்கா தனக்கும் ஒன்று வேண்டும் என்கிறாள், பீரோவில் வைக்க.